கல்லை விட்டு ஆறு மீட்டர்

பிழை இருந்தவரைக்கும் சங்கவியின் குடித்தனம் ஒழுங்காகத்தான் நடந்தது. கையில் கட்டிய கருவி ஆள் இருந்த இடத்தைக் காட்டியதில் இருபத்தைந்து மீட்டர் வட்டத்துக்குப் பிழை. அந்த வட்டத்துக்குள் ஒரு மதகு இருந்தது, ஒரு உப்புக் கிடங்கு இருந்தது, ஓடு வேய்ந்த வாடகை வீடு ஒன்றும் இருந்தது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்ச் மாதப் பகலில் தன் புருஷன் மதன்ராஜ் அந்த வட்டத்துக்குள் எந்த இடத்தில் இருந்தான் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவனோடு வாழ முடிந்தது. மதகில் இருந்திருப்பான் என்று தோன்றிய நாட்களில் வீட்டில் மீன் குழம்பு. வாடகை வீட்டுக்குள் இருந்திருப்பான் என்று தோன்றிய நாட்களில் வெறும் ரசம். மதன்ராஜுக்கு இந்தக் கணக்கு கடைசிவரை பிடிபடவில்லை.

அப்புறம் துலா வந்தது.

துலா என்பது அலுவலகக் கணினியில் ஓடும் ஒரு திருத்தி. கடலோரம் முழுவதையும் மறுபடி வரைபடமாக்குவதற்காக வாங்கினார்கள். களத்தில் எடுத்த பழைய இடக்குறிப்புகளில் வானமும் ஈரக்காற்றும் மரக்கிளையும் கலந்துவிட்ட தப்பையெல்லாம் அது தனியே பிரித்து எடுத்துவிடும். என்றைக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருந்தது, மேலே காற்று மண்டலம் எப்படி இருந்தது என்ற பழங்கணக்கு முழுவதும் அதனிடம் உண்டு. கையில் கட்டியிருந்த மட்டமான கருவியின் பதிவைக் கொடுத்தாலும் போதும், நாலு விரற்கடைக்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். செத்துப்போனவர்களைக்கூட.

பிழை போனதும் பாதிப் பேருக்குத் தூக்கமும் போயிற்று. ஒரு ஊரில் அண்ணனும் தம்பியும் முப்பது வருடம் வெட்டுக்குத்தாக நிற்கக் காரணமான வேலி, இரண்டு பேர் நிலத்திலும் இல்லாமல் கோயில் நிலத்தில் நிற்பது தெரிந்தது. இன்னொரு ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் இருந்ததாகச் சொன்ன பகல்களில் எல்லாம் சீட்டாட்ட மன்றத்தில் இருந்திருக்கிறார். ஊர் சிரித்தது. அரசாங்கம் பயந்துபோய் ஒரு விதி போட்டது. பாதிக்கப்பட்டவர் மனுக் கொடுத்தால் மட்டுமே ஒரு நாளின் கோப்பைத் திறக்கலாம், அதுவும் ஒரே ஒரு முறை. முடிவு எதுவானாலும் அன்று மாலையே பழைய பதிவுகளை அழித்துவிட வேண்டும்.

திருத்தப் பிரிவில் மூத்த அலுவலரான சங்கவி அந்த மார்ச் நாளுக்கான ஒரு மனுவுக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தாள். வந்தபோது அது பக்கத்து மேசைக்குப் போயிற்று. அந்த மேசைக்காரருக்குச் சுலபமான துறைமுகக் கோப்புகள் இரண்டைத் தள்ளிவிட்டு, புங்கங்கோட்டகம் என்ற உப்பளத்து ஊரின் அந்தக் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் காலத்து அணிப்பட்டியலை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. அவள் போட்ட திட்டமும் எளிமையானது. மதன்ராஜ் எங்கே இருந்தான் என்று பார்த்துக்கொள்வது, பிறகு ‘திருத்த இயலாது’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது.

காலை பத்து மணிக்கு மனுதாரர் வந்தார். அறுபது வயதிருக்கும். வெயிலில் காய்ந்து இறுகிய உடம்பு. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"காத்தமுத்துங்க மேடம். பதினோரு வீட்டுல முத வீடு என்னோடது. வீடு கட்டக் கூடாதுன்னு போட்ட கடற்கோட்டுக்கு அந்தாண்ட விழுந்துட்டுதுன்னு சொல்லி இடிச்சாங்க. முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோயி அடுக்குவீட்டுல வச்சாங்க. அங்கேருந்து உப்பளத்துக்கு ரெண்டு பஸ்ஸு. எத்தனை நாளு போவ முடியும்? விட்டாச்சு."

"கடல் ஏறி வரும்னுதானே கோடு போட்டாங்க?"

"இன்னி வரைக்கும் ஒரு அலை அங்க வரல மேடம். என் வூட்டு நிலைவாசல் மட்டும் அப்புடியே நிக்குது. மத்தியானத்துல அதுக்குள்ள ஆடு படுத்துக்குது." பையைத் தடவிக்கொண்டார். "கோடு நாலு மீட்டர் கடலுப் பக்கம் இருந்திருந்தா நாங்க தப்பிச்சிருப்போம். நாலே மீட்டரு."

சங்கவி அவர் முகத்தைப் பார்க்காமல் கோப்பைப் புரட்டினாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா? வானத்துலேருந்து பாத்துச் சொல்ற மிஷினு. அது எப்புடித் தப்பாச் சொல்லும்?"

"சிக்னல் மேலேருந்து கீழ வர்றதுக்குள்ள காத்துல கொஞ்சம் தாமசமாகும். தாமசமானா இடத்தைத் தள்ளிக் காட்டும். அதுக்குத்தான், இடம் சரியாத் தெரிஞ்ச ஒரு சர்வே கல்லு மேல ஸ்டாண்டு போட்டு ஒரு பெட்டியை வச்சிருவோம். பேஸ்னு பேரு. அது கல்லு மேலதான் இருக்குன்னு நமக்குத் தெரியும். ஆனா வானம் அதை ரெண்டு மீட்டர் வடக்கால காட்டுதுன்னு வைங்க. அப்ப அந்த நேரத்துல எல்லாத்தையுமே ரெண்டு மீட்டர் வடக்காலதான் காட்டும். கோல் பிடிச்சு அளந்துக்கிட்டுப் போறவங்க எடுத்த புள்ளியை எல்லாம் ரெண்டு மீட்டர் தெக்கால இழுத்துட்டா சரியாயிரும்."

காத்தமுத்து மேசையின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். உப்பளத்துக்காரருக்கு வாய்க்கால் மட்டம் பார்க்கத் தெரியும். இதையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

"அப்ப அந்தப் பொட்டியே நவுந்துட்டா?"

"நகராது. பக்கத்துல ஆள் இருப்பாங்க."

"இல்ல, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

"நகர்ந்தா..." கோப்பின் ஓரத்தை நேராக்கினாள். "வானம்தான் தள்ளிக் காட்டுதுன்னு நெனச்சு, எல்லாப் புள்ளியையும் எதிர்ப் பக்கம் இழுத்துரும்."

"பொட்டி கடலப் பாத்து நவுந்தா, கோடு ஊரப் பாத்து நவுரும்." காத்தமுத்து தலையாட்டிக்கொண்டார். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். "அன்னிக்கு எங்க வாசல்ல அளந்த பொண்ணு எழுதிக் குடுத்துச்சு. ரோஸ்லின். அதும்மேலதான் பழியப் போட்டு வேலைய விட்டு அனுப்பிச்சாங்க. பட்டுக்கோட்டையில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கு. சாயங்காலம் வர்றேன்னுது."

‘நான் அன்று சரியாகத்தான் அளந்தேன். என் கோல் சாயவில்லை.’ இவ்வளவுதான் கடிதம். சங்கவியின் கண் அந்த வாசகத்தில் நிற்கவில்லை. உருண்டை உருண்டையான எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறதே என்றுதான் வயிறு எரிந்தது. ஐம்பது வயதாகப் போகிறது, கை நடுங்க வேண்டாமா?

காத்தமுத்து வெளிநடை பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அவள் கதவைச் சாத்தினாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர்கள் மூன்று பேர் ஓர் அணி. சங்கவிக்கும் மதன்ராஜுக்கும் கல்யாணமாகி மூன்றே மாதம். மதன்ராஜும் ரோஸ்லினும் கோல் பிடிப்பவர்கள். சங்கவி பேஸ் காப்பவள். பேஸ் காப்பது என்றால், பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சர்வே கல்லின் மேல் ஸ்டாண்டு நிற்கிறதா என்று பார்த்தபடி குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பது. ஆடு முட்டக் கூடாது, காற்று தள்ளக் கூடாது, வேடிக்கை பார்க்க வருபவர்கள் தொடக் கூடாது. எழுந்து போகவும் கூடாது. காலையில் அவர்கள் இருவரும் மஞ்சள் தொப்பியும் கோலுமாகப் பேசிச் சிரித்துக்கொண்டே உப்புப் பாத்திகளுக்கு நடுவில் போவார்கள். தூரம் போகப் போக இரண்டு தொப்பியும் ஒன்றாகத் தெரியும். தூரத்தில் எதுவும் ஒட்டித்தான் தெரியும் என்பது அளவைக்காரிக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் தெரிந்தது தலையில் இருந்தது, எரிந்தது வயிற்றில் இருந்தது.

ரோஸ்லினுக்கு நல்ல கூந்தல். சட்டென்று சிரிப்பு வரும். மதன்ராஜை வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிடுவாள். ஊருக்கு முன்னால் அண்ணே போடுகிறவளைத்தான் நம்பக் கூடாது என்று சங்கவி முடிவு செய்திருந்தாள். மதகை ஒட்டி, கிடங்குக்குப் பின்னால் ரோஸ்லின் தங்கியிருந்த வாடகை வீடு. கல் இருந்த இடத்திலிருந்து அந்த வீடு தெரியாது, உப்புக் கிடங்கு மறைக்கும். ஆறு மீட்டர் கடல் பக்கமாகப் போனால் ஒரு மண்மேடு உண்டு. அங்கே ஏறினால் மதகும் தெரியும், வீட்டு வாசலும் தெரியும்.

மார்ச் பதினான்காம் தேதி பதினோரு மணிக்கு அவளால் தாங்க முடியவில்லை. பேஸைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் பயம், ஆடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதனால் ஸ்டாண்டையும் பெட்டியையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய் மேட்டின் மேல் வைத்தாள். கருவியைக் காப்பது அவள் வேலை, காத்தாள். கண்ணை மதகின் மேல் வைத்தாள். மதகில் யாரும் இல்லை. பதினொன்று நாற்பதுக்கு ரோஸ்லின் வந்தாள், வீட்டுக்குள் போனாள், கதவைச் சாத்தினாள். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தாள். மதன்ராஜ் கண்ணிலேயே படவில்லை. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் ஸ்டாண்டைத் திரும்பக் கல்லின் மேல் நிறுத்தினாள். குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை.

"எங்க இருந்த இவ்வளவு நேரம்?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்.

"மதகுலதான் உட்கார்ந்திருந்தேன். தண்ணி வடியட்டும்னு" என்றான் மதன்ராஜ்.

பொய். ஒன்றேமுக்கால் மணி நேரம் மதகையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் சொன்ன பொய். ஆனால் ‘நான் பார்த்தேன், நீ அங்கே இல்லை’ என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் பேஸை நகர்த்தியதும் வெளியே வரும். மடியில் கனம். வாயை மூடிக்கொண்டாள். அவனும் மூடிக்கொண்டான்.

வீடுகள் இடிந்தபிறகு விசாரணை வந்தது. அன்றைய புள்ளிகளும் மறுநாள் புள்ளிகளும் ஒட்டவில்லை, காரணத்தை நிரூபிக்க வழியில்லை என்றார்கள். பேஸ் கல் மேலேயே இருந்ததா என்று அவளைக் கேட்டார்கள். "இருந்தது" என்றாள். பக்கத்து நாற்காலியில் மதன்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அளந்தவளின் கவனக்குறைவு என்று எழுதி ரோஸ்லினை அனுப்பினார்கள். மதன்ராஜ் அன்று இரவு சாப்பிடவில்லை. அவள் போனதற்கு இவனுக்கு இவ்வளவு துக்கமா என்று சங்கவி உள்ளுக்குள் கொதித்தாள். கொதித்தாலும், போய்த் தொலைந்தாள் என்ற நிம்மதியில் தான் மட்டும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அந்த ஆறு மீட்டரைப் பற்றி நினைக்கவே இல்லையா என்றால், நினைத்தாள். ஒரே ஒரு பகல், ஒன்றேமுக்கால் மணி நேரம், அதில் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று நினைத்து அதை ஒரு மூலையில் போட்டுவைத்தாள். திருத்தப் பிரிவில் சேர்ந்து மற்றவர்களின் பிழைகளை எடுக்கிற வேலையில் பேரும் வாங்கினாள்.

அதன்பிறகு வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் அன்று, மதன்ராஜ் கொல்லைப்பக்கம் போய் ரோஸ்லினோடு போனில் பேசுவான். மறுவாரம் பட்டுக்கோட்டையிலிருந்து பார்சலில் ஒரு கேக் வரும். சங்கவி அதில் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை.

இப்போது துலாவைத் திறந்தாள். மதன்ராஜின் மணிக்கட்டுக் கருவியின் எண்ணைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள்.

துலா அவள் கேட்டதை முதலில் செய்யவில்லை. யாரைத் திருத்துவதானாலும் அது முதலில் பேஸைத்தான் சோதிக்கும். அது இவ்வளவு தீவிரமாகச் சோதிக்கும் என்பது புதுப் பதிப்பில் வந்த வசதி. அதற்கான சுற்றறிக்கையை இரண்டு மாதத்துக்கு முன்னால் எல்லா மேசைக்கும் அனுப்பியவள் சங்கவிதான், படிக்காமல். திரையில் கல்லின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி நின்றது. பதினொன்று நான்கு ஆனதும் புள்ளி கல்லை விட்டு இறங்கிற்று. மெல்ல நடந்தது. மேட்டின் மேல் ஏறி நின்றுகொண்டது. ‘நிலையம் இடம் மாறியுள்ளது: 6.1 மீட்டர். கடல் திசை’ என்று கீழே எழுத்து வந்தது. நிலையக் காப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர்.

புருஷனைப் பிடிக்கப் போட்ட வலையில் முதலில் விழுந்தது அவள்தான். சங்கவிக்குக் கன்னம் இரண்டும் சூடேறிற்று. அறையில் வேறு யாருமில்லை என்றாலும் திரையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

அடுத்தது ரோஸ்லின். அவளுடைய புள்ளிகள் பதினோரு வீட்டு வாசலையும் கடந்து, தைத்த நூல்போலக் கோணாமல் போயின. பிறகு நாற்பது நிமிடம் வாடகை வீட்டுக்குள், ஒரே ஒரு புள்ளி. கடைசியாக மதன்ராஜின் பெரிய வட்டம் வந்தது. மதகு, கிடங்கு, வீடு மூன்றையும் மூடிக்கொண்டு நின்ற அதே வட்டம். அது சுருங்க ஆரம்பித்தது. முதலில் வீடு வெளியே போயிற்று. அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு மதகு வெளியே போயிற்று. கிடங்கும் போயிற்று. கிடங்குக்கு முன்னால், கீற்று வேய்ந்து மூடியிருந்த உப்பு அம்பாரம் ஒன்றின் பின்னால் வட்டம் புள்ளியாகி நின்றது. பதினொன்று பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டு ஐம்பதுவரை அசையவில்லை.

அங்கே என்ன இருக்கிறது? வெறும் உப்பு. தனியாக உட்கார்ந்து என்ன செய்தான்? சங்கவி அந்தப் புள்ளியிலிருந்து சுற்றிலும் எது தெரியும் என்று பார்த்தாள். மதகு தெரியாது. வீடு தெரியாது. பத்தொன்பது மீட்டர் தூரத்தில் மண்மேடு மட்டும் நன்றாகத் தெரியும்.

போனை எடுத்தாள். மதன்ராஜ் இப்போது வேறொரு கட்டடத்தில் கருவிக் கிடங்குப் பொறுப்பில் இருந்தான்.

"மதகுல உட்கார்ந்திருந்தேன்னியே."

எந்த மதகு என்றுகூட அவன் கேட்கவில்லை.

"புங்கங்கோட்டகம் பைல் எங்கிட்டதான் இருக்கு. அம்பாரத்துக்குப் பின்னாடி அவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"உனக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கிட்டு வந்தேன்" என்றான் மதன்ராஜ். குரல் களைத்திருந்தது. "பாத்தா கல்லு மேல ஸ்டாண்டு இல்ல. நீ மேட்டு மேல நிக்கற. ரோஸ்லின் வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கற."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா நீ என்ன சொல்லுவ? கல்யாணமாகி மூணு மாசம். கையும் களவுமாப் பிடிச்ச மாதிரி ஆயிரும். நீயே கொண்டுபோயி வச்சிருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வச்ச. நோட்டுல எழுதுவேன்னு பாத்தேன். எழுதல."

"அதுக்காக மதகுன்னு பொய் சொல்லுவியா?"

"இருந்த இடத்தைச் சொன்னா, பாத்ததையும் சொல்லணுமே."

இருபத்திரண்டு வருடம் தான் சமைத்த ரசமெல்லாம் சங்கவிக்கு ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"விசாரணையில நீ ‘இருந்துச்சு’ன்ன. நான் தரையைப் பாத்தேன்" என்றான் அவன். "ரெண்டு பேருமாச் சேந்து அவ வேலையைத் தின்னுட்டோம். பதினோரு வீட்டையும்தான். அதான் வருஷம் ஒரு தரமாவது கூப்பிட்டு எப்படியிருக்கேன்னு கேக்கறேன். வேற என்ன பண்ணத் தெரிஞ்சுது எனக்கு?"

"அவளுக்குத் தெரியுமா?"

"மூணாவது வருஷமே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"‘சங்கவியே சொல்லட்டும்ணே, அதுவரைக்கும் நான் இருக்கேன்’னா."

இதைக் கேட்டதும் நியாயமாக அவளுக்கு என்ன வந்திருக்க வேண்டும்? வெட்கம் வந்திருக்க வேண்டும். அழுகை வந்திருந்தாலும் சரி. சங்கவிக்கு வந்தது வேறு.

"அப்ப பத்தொன்பது வருஷமா என்னைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்திருக்கீங்க. எனக்குத் தெரியாம."

"சங்கவி, இப்பவும் இதையா கேக்கற?"

"என் விஷயம் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்கிறது உனக்குத் தெரியும். நான் மட்டும் நடுவுல கேக்கைத் தூக்கி வெளிய போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." போனை வைத்துவிட்டாள்.

உடம்பால் ஒரு துரோகம் நடந்திருந்தால்கூட அவள் அதற்குத் தயாராக இருந்தாள். எத்தனை தடவை மனத்துக்குள் அந்தச் சண்டையைப் போட்டு ஜெயித்திருக்கிறாள். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எந்தச் சண்டையில் வைத்து ஜெயிப்பது?

திரையில் இரண்டு பொத்தான்கள் காத்திருந்தன. ‘திருத்தலாம்’ என்று ஒன்று. ‘திருத்த இயலாது’ என்று ஒன்று. இரண்டாவதை அழுத்தினால் பேஸின் நடையும் அம்பாரத்துப் புள்ளியும் மாலையோடு அழிந்துவிடும். வேலைக்கு ஆபத்தில்லை. காத்தமுத்து பஸ் ஏறிப் போய்விடுவார். ரோஸ்லின் ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பிப் போவாள், அடுத்த கிறிஸ்துமஸுக்கும் கேக் வரும். ‘பரவாயில்லண்ணே, நான் இருக்கேன்’ என்பாள். பெரிய மனசு. எவ்வளவு பெரிய மனசு! அப்படியே இருபது வருடம், முப்பது வருடம் காத்திருந்து, காத்திருந்தே சங்கவியை மண்ணோடு மண்ணாக்கிவிடுவாள்.

அது நடக்கக் கூடாது. காத்தமுத்துவின் நிலைவாசலும் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் கையை முதல் பொத்தானுக்குக் கொண்டுபோனது அந்த எரிச்சல்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெட்டியை அன்று மேட்டில் ஏற்றியதும் அதே எரிச்சல்தான்.

திரை குலுங்கவெல்லாம் இல்லை. கடற்கோடு சத்தமில்லாமல் ஆறு மீட்டர் கடல் பக்கம் நகர்ந்தது. பதினோரு வீட்டுக் கட்டங்களும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தன. ‘நிலையம் நகர்ந்த காரணம்’ என்று துலா கேட்டது. கீழே தயாராகச் சில பதில்கள் இருந்தன. கால்நடை, பலத்த காற்று, மண் சரிவு. கால்நடை என்பதன் மேல் சங்கவியின் விரல் ஒரு கணம் நின்றது. ஆடுகள் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. பிறகு அதைக் கடந்து கடைசிக் கட்டத்துக்குப் போய்த் தட்டச்சு செய்தாள். ‘மதகுப் பக்கம் பார்ப்பதற்காக நான் நகர்த்தினேன். அளந்தவர் மீது தவறில்லை. விசாரணையில் நான் பொய் சொன்னேன்.’ கையெழுத்துப் போட்டு அச்செடுத்தபோது மணி நாலே முக்கால்.

வெளிநடை பெஞ்சில் காத்தமுத்துவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சங்கவி முதலில் பார்த்தது கூந்தலைத்தான். நரைத்திருந்தது, ஆனால் அடர்த்தி குறையவில்லை. சே என்று இருந்தது.

காத்தமுத்து தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"கோடு தப்புன்னு போட்டிருக்குங்களா?"

"ஆமா. பதினோரு வீட்டுக்கும் நிலம் திரும்ப வரும்."

"பொட்டிக்குப் பக்கத்துல இருந்த ஆளு யாருன்னு இதுல இருக்கா?"

"இருக்கு. நான்தான்."

அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "காலையில கேட்டப்ப நவுராதுன்னீங்களே."

சங்கவியின் பார்வை அவருடைய மஞ்சள் பைக்குப் போயிற்று.

"என் பொஞ்சாதி அந்த அடுக்குவீட்டுல அஞ்சு வருசம்கூட இல்ல மேடம். இப்ப அவ இருந்தா உங்கள என்ன கேட்டிருப்பான்னு யோசிச்சுப் பாக்கறேன். ஒண்ணும் தோண மாட்டேங்குது." தாளை நாலாக மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய் இருந்த பக்கமாகப் போனார்.

ரோஸ்லின் எழுந்து நின்றாள். இருவருக்கும் நடுவில் இரண்டு அடிகூட இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சங்கவிக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தபோது இருபத்திரண்டு வருடமாக உள்ளே கிடந்த கேள்விதான் முந்திக்கொண்டு வந்தது.

"நாப்பது நிமிஷம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

ரோஸ்லின் திகைத்தாள். பிறகு அந்தப் பழைய சிரிப்பு சட்டென்று வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது.

"பேட்டரி மாத்தத்தான் போனேன். போனவ அப்படியே உட்கார்ந்துட்டேன். பாத்தித் தண்ணியில நின்னு நின்னு காலெல்லாம் உப்பு அரிச்சுப் புண்ணு சங்கவி. நல்ல தண்ணியில கழுவிட்டு, தேங்காண்ணெய் தடவிக்கிட்டு, எரிச்சல் அடங்கற வரைக்கும் அழுதுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "உன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். கட்டிக்கிட்டவன் மேலதிகாரிகிட்டச் சொல்லிப் பொண்டாட்டிக்குக் குடைக்குக் கீழ வேலை வாங்கிக் குடுத்துட்டான், கால் நனையாம உட்கார்ந்திருக்கா பாருன்னு. எனக்கு உன்மேல அவ்வளவு வயித்தெரிச்சல்."

சங்கவி இத்தனை வருடம் அவளுடைய கூந்தலை நினைத்திருக்கிறாள். சிரிப்பை, மஞ்சள் தொப்பியை, உருண்டை எழுத்தை எல்லாம் நினைத்து நினைத்து வெந்திருக்கிறாள். இப்போதுதான் முதல்முறையாகக் குனிந்து அவள் கால்களைப் பார்த்தாள். ரப்பர் செருப்புக்குள் இரண்டு பாதமும் விரலிடுக்கிலிருந்து கணுக்கால்வரை குழிகுழியாகக் கறுத்துத் தழும்பேறிக் கிடந்தன.